ஒற்றைத் தலைவலியும் ஒரு டபுள் விசிலும்

எனக்கு முதலில் கண்டக்டர் வேலை வந்தது, அதற்குப் பிறகுதான் ஒற்றைத் தலைவலி வந்தது. வரிசை மாறி வந்திருந்தால் வேறு ஏதாவது பிழைப்பைப் பார்த்திருப்பேன். விசில் ஊதுகிறவனின் மண்டைக்குள் போய் இடித்த பிறகுதான் அதன் சத்தம் டிரைவரின் காதுக்குப் போகும். நல்ல தலையோடு இருக்கிறவனுக்கு இது தெரியாது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில் இருந்தேன். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் மரங்களுக்கு இடையே வெயில் விட்டுவிட்டு அடிக்கும். வலி இருக்கிற நாளில் அந்த வெளிச்சம் இடது கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். அதோடு டீசல் வாசனையும், பலாப்பழக் காலமென்றால் கூரை வரைக்கும் அடுக்கிய பழத்தின் வாசனையும் சேர்ந்துகொள்ளும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரிடம் "கொஞ்சம் நகருங்க" என்று கெஞ்சி வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்திருக்கிறேன். பேருந்தே சிரிக்கும். "கண்டக்டருக்கே வாந்தியா?" என்று ஒருவர் கேட்பார். அதில் என்ன நகைச்சுவை என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

சிரித்து முடித்ததும் வைத்தியம் சொல்ல ஆரம்பிப்பார்கள். கண்டக்டர் தப்பித்து ஓட முடியாது. டிக்கெட் கொடுக்க ஒவ்வொரு சீட்டாகப் போய் நின்றுதான் ஆக வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு டாக்டர் உட்கார்ந்திருப்பார்.

"இன்னா கண்டக்டரே, மூஞ்சி ஒரு மாதிரி கீது? தல நோவுதா? நாலு மொளவ ஊசில குத்தி வெளக்குல சுட்டு அந்தப் பொகய மூக்குல இழு. ஒரே நாளு."

"அதெல்லாம் ஒண்ணும் வாணாங்க. காப்பிய வுட்டுருங்க, போயிடும்."

"காப்பி வுடாதீங்க. அதுல சுக்கு தட்டிப் போட்டுக்கினு குடிங்க."

இப்படிச் சொன்னவர்களில் ஒருவருக்காவது ஒற்றைத் தலைவலி இருந்ததா என்றால் இல்லை. எல்லோருடைய சித்தப்பாவுக்கும் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரிக்கும் இருந்தது. அவர்களுக்கெல்லாம் போய்விட்டதாம். நல்லவேளை, அந்தச் சித்தப்பாக்களில் ஒருவரைக்கூட நான் நேரில் பார்க்கவில்லை.

என்னோடு ஆறு வருஷம் ஒரே வண்டி ஓட்டிய டிரைவருக்கு வேறு ஒரு கருத்து இருந்தது. நான் குடிக்கிறேன், வெளியே சொல்வதில்லை என்பது அவர் முடிவு. "நேத்து இன்னாத்த போட்டுக்கினு வந்தேன்னு ஒத்துக்கய்யா, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்பார். நான் குடித்ததே இல்லை. அதைச் சொன்னால் இன்னும் பலமாகத் தலையாட்டுவார். வாரத்தில் மூன்று நாள் மதுக்கடை வாசலில் நிற்கிற மனிதர், மற்றவனும் அங்கேதான் நிற்பான் என்று நம்புவதில் ஆச்சரியமில்லை.

மனைவி களமருதூர்க்காரி. அவள் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் சொன்னாரென்று தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சூடு போடுகிற ஓர் ஆளிடம் கூட்டிப்போனாள். எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அந்த ஆள் நெற்றிப்பொட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "நரம்பு சுண்டிக்கினு கீது. சுட்டா எளகிக்கும்" என்றார். விரலி மஞ்சளை விளக்கில் காட்டி, முனை கனன்றதும் என் பொட்டில் வைத்து எடுத்தார். தோல் பொசுங்கும் வாசனை எனக்கே வந்தது. இரண்டு நாள் கழித்து வலி வழக்கம்போல வந்தது. இப்போது உள்ளே தலைவலி, வெளியே புண். மொச்சைக்கொட்டை அளவு தழும்பு இன்னும் இருக்கிறது. படித்தவன், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன், முகத்தைக் கொண்டுபோய் நெருப்புக்குக் காட்டினேன். அந்த ஆளை விட என்னைத்தான் அதிகம் கேவலமாக நினைத்தேன்.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் இருந்த பெரியவர் பச்சிலைச் சாறு விட்டார். வலி இடது பக்கமென்றால் சாறு வலது மூக்கில். மூக்கிலிருந்து ரத்தம் வரும்வரை தும்மினேன். அன்று வலி போனது உண்மை. ஆனால் என் வலி எப்போதும் ஒரு நாள் இருந்துவிட்டு அதுவாகவே போகும். அவர் பிடித்தது கடைசி மணி நேரத்தை. அவர் என்னிடம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் அவரை முழுதாக வெறுக்க முடியாமல் போனது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

டவுனில் ஒரு தனியார் டாக்டர் இருந்தார். நான் உட்காரும் முன்பே தலைக்கு ஸ்கேன் எழுதிவிட்டார். படம் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பிள்ளை பாஸாகிவிட்ட மாதிரி சிரித்தார்.

"மூளை சுத்தமா இருக்கு. ஒண்ணுமில்ல. டென்ஷன்தான். நீங்க கவர்மெண்ட் வேலைதானே?"

"ஆமாங்க."

"அப்புறம் என்ன டென்ஷன் உங்களுக்கு?"

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வலி எப்போது வருகிறது, எப்படி வருகிறது, என்ன சாப்பிடுகிறேன் என்று ஒரு கேள்வி இல்லை. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இத்தனை பேருக்கு நடுவில் நான் மதித்த ஆள் ஒருவர்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்தவர். கதை கேட்க மாட்டார், உபதேசம் செய்ய மாட்டார். என் வண்டி கடை முன்னால் நிற்கும்போதே கத்தரிக்கோலை எடுத்து வலி மாத்திரை அட்டையை வெட்டுவார். "வழக்கமானதுதானேண்ணே?" அவ்வளவுதான். மாத்திரை போட்டால் அரை மணியில் வலி மங்கும். முதலில் வலித்தால் போட்டேன். பிறகு வலித்துவிடுமோ என்று மலையேறும் முன்பு போட்டேன். பிறகு காலை டீயோடு ஒன்று, மதியம் ஒன்று. இதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. மிளகுப் புகையை நம்புகிறவர்களைப் பார்த்துச் சிரித்தேன். நான் அறிவியலை நம்புகிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பங்குனி மாதத்து மதியம் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். வாரச்சந்தைக் கூட்டம். கடைசி வளைவு தாண்டும்போது என் பார்வையில் ஒரு சின்னப் புள்ளி மினுங்க ஆரம்பித்தது. அது விரிந்து ரம்பப் பல் மாதிரி ஒரு கோடாக மாறி ஆடியது. வலிக்கு முன்னால் எனக்குச் சில சமயம் இப்படி வரும். இருபது நிமிஷத்தில் போய்விடும். அது ஆடும்போது இடது பக்கம் இருப்பது தெரியாது. இருட்டாகக்கூடத் தெரியாது, அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மலை ரூட்டை எடுத்துவிடுவார்கள். அதற்குத் தரும் மலைப்படிப் பணமும் போய்விடும்.

கோமுகி அணை நிறுத்தத்தில் நின்றோம். பின்படிக்கட்டைப் பார்த்தேன். இரண்டு பேர் இறங்கினார்கள். படி காலியாகத் தெரிந்தது. வண்டியை எடுக்கச் சொல்லி டபுள் விசில் கொடுத்தேன்.

படி காலியாக இல்லை. எனக்குத் தெரியாத பாதியில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு மலைக்கார அம்மா நின்றிருந்தார். ஒரு கால் கீழ்ப்படியில், ஒரு கால் தரையில். புளி மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்ததும் மூட்டையோடு சரிந்து கையை ஊன்றி விழுந்தார். பேருந்தே கத்தியது. டிரைவர் பிரேக் அடித்து இறங்கி ஓடிவந்தார்.

"பாத்து எறங்கக் கூடாதாம்மா? வண்டி எடுக்கறது தெரியல?" என்று விழுந்தவரையே திட்டினார்.

அந்த அம்மாவின் மணிக்கட்டு கோணலாகத் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்தார். விசில் இன்னும் என் உதட்டில் இருந்தது.

அதே வண்டியில் அவரைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டிரைவர் வண்டியோடு போய்விட்டார். கூட நான் இருந்தேன். அதற்குள் வலி முழு வேகத்தில் வந்துவிட்டது. டியூப் லைட் வெளிச்சம் தாங்கவில்லை. வராண்டா ஓரத்து வாஷ்பேசினில் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, கர்சீப்பை நனைத்துக் கண்ணில் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"ஒனக்கு இன்னா?" என்று அந்த அம்மா கேட்டார். புடவைத் தலைப்பால் கையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தலவலிம்மா."

"நீ போய் மொதல்ல பாத்துக்க. எனக்குக் கையிதான்."

அவர் கையைப் பார்த்த டியூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரேவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார். கண்கட்டை அவிழ்க்கச் சொன்னார். குரலில் பரிவு என்று ஒன்றும் இல்லை. நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்துச் சலித்த குரல்.

"எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷமா, மேடம்."

"மாசத்துல எத்தனை நாள் வலி மாத்திரை போடறீங்க?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"தெனம்."

பேனாவைக் கீழே வைத்தார். "தினமுமா? எத்தனை?"

"ரெண்டு. செல நாள் மூணு."

"உங்க தலைவலில பாதி அந்த மாத்திரைதான். அடிக்கடி போட்டா அதுவே வலியை வரவைக்கும். ஒரு நோட்டுல தினமும் எழுதுங்க. வலி எப்ப வந்தது, என்ன போட்டீங்க, என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு தூங்கினீங்க. எழுதிட்டு ஓ.பி.க்கு வாங்க. எழுதாம வராதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. பதினோரு வருஷம் நான் பட்டதை இந்தப் பெண் இரண்டு கேள்வியில் முடித்துவிட்டாள், வீட்டுப்பாடம் வேறு கொடுக்கிறாள் என்று நினைத்தேன்.

அன்று டிப்போவுக்குத் திரும்பியபோது அறிக்கை தயாராக இருந்தது. பயணி ஓடும் பேருந்திலிருந்து கவனக்குறைவாக இறங்கியதால் விழுந்தார் என்று எழுதியிருந்தார்கள். டிரைவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். எனக்கு எழுத்து பாதிதான் தெரிந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியும். போட்டேன்.

வெளியே வந்ததும் நேராக மருந்துக்கடைக்குப் போனேன். அவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

"இந்த மாத்திரையாலயே தலவலி வருமாமே?" என்று கேட்டேன்.

"ஜாஸ்தி போட்டா வரும்ணே" என்றார், ஏதோ இன்று வெயில் என்று சொல்கிற மாதிரி.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? நீங்க கேட்டீங்க, குடுத்தேன். ஜாஸ்தி போடலாமான்னு நீங்க எப்பவாவது கேட்டீங்களா?"

நான் மதித்த ஒரே ஆள். என்னைச் சுட்டவர்கூட நான் குணமாவேன் என்று நம்பித்தான் சுட்டிருப்பார். இவருக்கு அந்த நம்பிக்கைகூடத் தேவைப்படவில்லை. மாத்திரையை வாங்காமல் திரும்பினேன். அப்போதும் கை அதை நோக்கி நீண்டதை மறைக்க விரும்பவில்லை.

மூன்று வாரம் நோட்டு எழுதினேன். ஓ.பி. வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். அதே டாக்டர். நோட்டை மெதுவாகப் புரட்டினார்.

"காலைல முதல் டிரிப் இருக்கிற நாள்ல சாப்பிடறதே இல்லையே? அன்னைக்கெல்லாம் வலி வந்திருக்கு, பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. எழுதியது நான்தான். ஆனால் படித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"வலிக்கு முன்னாடி கண்ணுல ஏதாவது வருமா?"

ரம்பப் பல்லையும் காணாமல் போகும் பாதியையும் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன்.

"அந்த அம்மா விழுந்த அன்னைக்கு வந்ததா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. பி.பி. பார்த்தார். வீசிங் உண்டா, ஆஸ்துமா உண்டா என்று விசாரித்தார். இல்லை என்றதும் தினமும் போட ஒரு மாத்திரை எழுதினார். வந்த வலியைப் போக்குவதற்கு இல்லை, வராமல் தடுப்பதற்கு. வேலை செய்ய சில வாரம் ஆகும் என்றார். பழைய மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார்.

"முதல் பத்து நாள் மோசமா இருக்கும். என்னைத் திட்டுவீங்க. திட்டிக்கோங்க, ஆனா போடாதீங்க. லீவு போட்டுடுங்க."

திட்டினேன். மனைவி ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டாள். மிக்ஸியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் போய் அரைத்து வந்தாள். ஐந்தாவது நாள் பீரோவையெல்லாம் கலைத்து மாத்திரை தேடினேன். பழைய பேன்ட் பாக்கெட்டில் ஒன்று கிடைத்தது. அவள் பிடுங்கிக் கழிவறையில் போட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு போட்டா இன்னாடி?"

"என் கால்ல வுழுந்தாலும் தர மாட்டேன். சூடு போடறவங்கிட்ட உன்ன இட்டுக்கினு போன தப்ப நான் பண்ணிட்டேன். இதையாவது ஒயுங்கா செய்யறேன்."

நாற்பது வயது தாண்டியவன் ஒரு மாத்திரைக்காக அழுதேன். மதுக்கடை வாசலில் நிற்கிற டிரைவரை அவ்வளவு இளக்காரமாக நினைத்தவன்.

பன்னிரண்டாவது நாளோ பதின்மூன்றாவது நாளோ, காலையில் எழுந்து பல் விளக்கி, டீ குடித்து, பேப்பரை இரண்டு பக்கம் படித்த பிறகுதான் தலை வலிக்கவில்லை என்பது தெரிந்தது. தலை இருப்பதே தெரியாமல் இருப்பதுதான் நல்ல தலை. அதை மறந்தே போயிருந்தேன்.

மூன்று மாதத்தில் வலி மாதத்துக்கு இரண்டு என்று குறைந்தது. அந்த இரண்டுக்கு மட்டும், வலி ஆரம்பிக்கும்போதே மாத்திரை போட டாக்டர் அனுமதித்தார். விடியற்காலை டிரிப்புக்கு முன்னால் இரண்டு இட்லி, தினமும் ஒரே நேரத்தில் தூக்கம், ஒரு மாத்திரை, ஒரு நோட்டு. பதினோரு வருஷத்து அட்டகாசத்துக்கு விடை இவ்வளவுதான். இதை யாரிடம் சொன்னாலும் முகம் சுருங்குகிறது. மலையில் கிடைக்கும் ஏதாவது வேர், யாரோ ஒரு மகான் என்று சொன்னால் எழுதி வைத்துக்கொள்வார்கள். நேரத்துக்குச் சாப்பிடு என்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

தலை தெளிந்ததில் ஒரு தொல்லையும் வந்தது. முன்பெல்லாம் எதை யோசித்தாலும் வலி வந்து மூடிவிடும். இப்போது மூடவில்லை. ஒருநாள் வெள்ளிமலையில் அந்த அம்மா ஏறினார். கை சேர்ந்திருந்தது, ஆனால் திருப்ப முடியவில்லை. டிக்கெட்டை இடது கையில் வாங்கினார்.

"தல நல்லாச்சா ஒனக்கு?" என்றார்.

"ஆச்சும்மா."

"எங்கையிக்குப் பணம் ஒண்ணும் கெடயாதுன்ட்டாங்க. ஓடற வண்டியில நானா குதிச்சேனாம். எழுதிக் கீதாம்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த அறிக்கையில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியாது. என் வேலையிலேயே மிகக் கேவலமான பயணம் அன்றைய இறக்கம்தான்.

மறுநாள் ஒரு கடிதம் எழுதினேன். வண்டி நின்றிருந்தது, பயணி இறங்கிக்கொண்டிருந்தார், விசில் கொடுத்தது நான், அப்போது எனக்கு இடது பக்கம் தெரியவில்லை, முன்பு போட்ட கையெழுத்து பொய். டிரைவரிடம் காட்டினேன்.

"பைத்தியமாய்யா ஒனக்கு? தலவலி போயி மூள கலங்கிக்கிச்சா? என்னையும் சேத்து மாட்டி வுடற!"

"வண்டிய எடுக்கச் சொன்னது நான். ஒன்ன ஒண்ணும் எழுதல."

"நல்லா இருந்துக்கினு இருக்கும்போது யாருனா இப்பிடி செய்வானா?"

அலுவலகத்தில் கடிதத்தை வாங்கியவர் இரண்டு முறை படித்துவிட்டு, இதை இப்போது எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். காரணம் சொன்னாலும் அவருக்குப் புரிந்திருக்காது. அவருக்கு ஒரு ஃபைல் மூடினால் போதும், அதற்குள் யார் கை இருந்தாலும் சரி.

விசாரணை நடந்தது. சம்பள உயர்வை நிறுத்தினார்கள். மருத்துவக் குழு முன்னால் நிறுத்திச் சோதித்தார்கள். மலை ரூட்டிலிருந்து எடுத்து மூங்கில்துறைப்பட்டு வண்டியில் போட்டார்கள். அந்த அம்மாவின் நஷ்டஈட்டு மனுவை மறுபடி எடுத்திருக்கிறார்கள். இன்னும் முடியவில்லை. இரண்டு முறை அவருக்காகப் போய்ச் சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். டிரைவர் என்னைப் பார்த்தால் பேசுவதில்லை. அது ஒரு நஷ்டமே இல்லை.

போன மாதம் கரும்பு லாரிகளும் டிராக்டர்களும் சர்க்கரை ஆலைக்கு வரிசை கட்டியிருந்த ஒரு மதியம், நிறுத்தத்தில் வண்டி நின்றிருந்தபோது புள்ளி மினுங்க ஆரம்பித்தது. புது டிரைவரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முதல் நாளே எல்லாம் சொல்லி வைத்திருந்தேன். எஞ்சினை அணைத்தார். மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்தேன்.

"இன்னாய்யா, வண்டி ஏன் நிக்குது?"

"கண்டக்டருக்குத் தலவலியாம்."

"நல்லா கீதே கத! நமக்கு வேல வெட்டி இல்லியா?"

"ஒரு டீ குடிச்சா சரியாயிடப் போவுது."

இருபது நிமிஷம் திட்டினார்கள். அவர்கள் மீது எனக்கு முன்பு இருந்த அபிப்பிராயம் ஒன்றும் மாறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்த மினுக்கம் போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.